காலுக்கென்று எதுவும் இல்லாத பை

"அண்ணே, ஐப்பசிப் பௌர்ணமி சுத்திட்டு வந்துட்டேன். மழைத்தண்ணி, கல்லு, முள்ளு ஒண்ணும் தெரியல. உங்களுக்கு வந்த மாதிரி எனக்கும் வந்துடுச்சு. எல்லாம் அவன் அருள்."

ஐப்பசிப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை என் கைபேசிக்கு வந்த செய்தி இது. அனுப்பியவர் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர். கீழ்பென்னாத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் நெல்லும் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், பயிர் வைக்கிறவர். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். என்னைப் போலவே அவருக்கும் சர்க்கரை நோய் உண்டு.

அதைப் படித்தபோது என் இடது கால் கட்டுப் போட்டு, எதிர் நாற்காலியில் தலையணைமேல் கிடந்தது. "உங்களுக்கு வந்த மாதிரி" என்ற சொற்களை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு வந்தது என்ன என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான். அடுத்த பௌர்ணமி கார்த்திகையில். அதற்குள் அவரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவர் மறுபடியும் வெறுங்காலோடு மலையைச் சுற்றுவார்.

பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் அனுப்பியது கும்பிடும் கை ஒன்று மட்டும். அதை அவர் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டிருப்பார் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

நான் ஓய்வு பெற்றவன். அரசு அலுவலகம் ஒன்றின் பதிவறையில் வேலை பார்த்தேன். தேதி இல்லாத தாளை நம்பக் கூடாது என்பது அங்கே படிந்த பழக்கம். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்ததிலிருந்து பௌர்ணமிதோறும் கிரிவலம் போகிறேன். வீட்டுக்கு வந்ததும் நான்கு வரி எழுதிவைப்பேன்: மாதம், கிழமை, மழையா வெயிலா, கூட்டம் ஜாஸ்தியா கம்மியா, பையிலிருந்து எதெல்லாம் பயன்பட்டது.

பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயணம் போனவர்கள் எழுதிய புத்தகங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். அவர்கள் பார்த்த ஊர்களைவிட எதைச் சுமந்துகொண்டு போனார்கள் என்பதில்தான் எனக்கு ருசி. அந்த ருசி வயதான காலத்தில் பைப் பைத்தியமாக முடிந்தது. டார்ச் வாங்கும்போது எல்லாரும் வெளிச்சத்தைப் பார்ப்பார்கள், நான் பொத்தானைப் பார்ப்பேன். பைக்குள்ளே தானாக அழுந்தி எரிந்து, வேண்டும்போது செத்துக் கிடக்கிற டார்ச் எவ்வளவு வெளிச்சம் தந்தென்ன? தண்ணீர் பாட்டிலில் சூடு தாங்குகிற இரட்டைச் சுவர் வேண்டாம், கனம். வாய் அகன்ற ஒற்றைச் சுவர் எவர்சில்வர் போதும், கைவிட்டுக் கழுவலாம். மழைக்குச் சட்டை மாதிரி மாட்டுகிற கோட்டைவிட, பையையும் சேர்த்து மூடுகிற போர்வைக் கோட்டு நல்லது. சின்னக் கத்தி ஒன்று. வீரத்துக்கு இல்லை, கொய்யாப்பழத்துக்கு. உப்புச்சர்க்கரைப் பொடி, ஊக்கு, விசில், முள்வாங்கி, கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க், பிளாஸ்திரி. எல்லாவற்றுக்கும் மேல் ஓர் ஈரோட்டுத் துண்டு. தலைக்கு, முகத்துக்கு, உட்கார, முடிய, கட்ட என்று எல்லாவற்றுக்கும் அது ஆகும். எந்தக் கம்பெனியும் அதைவிட உருப்படியான பொருளைச் செய்ததில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் தெருவிலிருந்து சிலர் சேர்ந்து போவோம். சகலை ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்துகொள்வார். வழியில் யாருக்கு எது வேண்டுமானாலும் என் பக்கம் திரும்புவார்கள்.

"அண்ணன் பைல தேடினா ஆட்டோவே கிடைக்கும்பா," என்பார் ஒருவர்.

"கிடைக்கும், டீசல்தான் நீங்க போடணும்," என்பேன் நான்.

பொருள் வாங்குவதற்கு முன் என்னைக் கேட்பார்கள். நானும் எது நல்லது, எது ஏமாற்று என்று சொல்லுவேன். சொல்லிச் சொல்லி அதில் ஒரு பெருமை வந்துவிட்டது. அந்தப் பையில் தலைக்கு உண்டு, கைக்கு உண்டு, வயிற்றுக்கு உண்டு. காலுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. மலையைச் சுற்றும்போது காலுக்கு ஒன்றும் கூடாது, வெறுங்கால்தான். அது இங்கே யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கிற விஷயம் இல்லை. அதனால் அது ஒரு குறை என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஆரம்ப வருடங்களில் எனக்கும் எல்லாரையும் போலக் கால் எரியும். வழியின் கடைசிப் பகுதியில் வரும் குபேர லிங்கம் தாண்டுவதற்குள் குதிகால் நெருப்பாகிவிடும். வீட்டுக்கு வந்து வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் காலை வைத்துக்கொள்வேன். அப்புறம் ஒரு கட்டத்தில் எரிச்சல் குறைந்தது. பிறகு இல்லவே இல்லை. வெயில் காலத்துச் சாயங்காலத்தில் தார்ச்சாலையின் சூடு தாங்காமல் மற்றவர்கள் நிழலோரம் தேடித் தாவும்போது நான் சாலையின் நடுவில் நிதானமாக நடந்தேன்.

"இன்னாண்ணே, சுடலையா உங்களுக்கு?"

"இல்லப்பா. இப்பல்லாம் எனக்குத் தெரியறதே இல்ல."

அப்போது என் முகத்தில் என்ன இருந்தது என்பதை நினைக்கவே கூசுகிறது. அடக்கமாகச் சொல்வதுபோலத்தான் சொன்னேன். ஆனால் கேட்கிறவர்கள் அருள் என்று புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அப்படிச் சொன்னேன். அவர்களும் அப்படியே புரிந்துகொண்டார்கள். என் மனைவி தெருவில் உள்ள பெண்களிடம் சொன்னாள். எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் வாசலில் என் காலில் விழுந்து கும்பிட்டார். அவர் கை என் பாதத்தில் பட்டதா, பாதத்துக்கு முன்னால் தரையில் பட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்த பிறகுதான் கை பாதத்தின் மேலேயே இருப்பது தெரிந்தது. அதைக்கூட நான் விசித்திரமாக நினைக்கவில்லை.

சகலை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த புதிதில், சித்திரைப் பௌர்ணமிக்குத் தடிமனான சாம்பல்நிறச் சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் சொன்னதால் என் கொழுந்தியாள், அதாவது அவர் மனைவி, வாங்கிக் கொடுத்தது. இங்கே சாக்ஸ் போட்டு நடப்பவர்கள் உண்டு. யாரும் தப்பாக நினைப்பதில்லை. நான்தான் சும்மா இருக்கவில்லை.

"இன்னா சகலை, மலை சுத்த வந்தீங்களா, ஸ்கூலுக்குக் கிளம்பினீங்களா? டை எங்க?"

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஓரமாக உட்கார்ந்து கழற்றிச் சுருட்டினார். வைக்க இடமில்லாமல் தவித்தவரிடம் கைநீட்டி, நான்தான் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆவணிப் பௌர்ணமி. அடி அண்ணாமலை அருகே ஒரு வெளியூர்க்காரருக்குக் குதிகாலில் கண்ணாடிச் சில்லு குத்தி ரத்தம் வந்தது. முட்டிபோட்டு உட்கார்ந்து முள்வாங்கியால் எடுத்து, துடைத்து, பிளாஸ்திரி ஒட்டினேன். "பாத்து நடங்க சார்," என்றேன். அவர் நொண்டிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார். சுற்றி முடித்து வீட்டுக்கு வந்து, நான்கு வரி எழுதிவிட்டுப் படுத்தேன். பயன்பட்டவை: முள்வாங்கி, பிளாஸ்திரி.

காலையில் மனைவி தரை துடைக்க வந்தவள் சத்தம் போட்டாள்.

"ஏங்க, யாருக்கு அடிபட்டுச்சு? வாசல்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் பொட்டுப் பொட்டா இருக்கு பாருங்க."

வெள்ளை டைல்ஸில் காய்ந்த வட்டங்கள் வரிசையாகப் போயிருந்தன. அவள் முதலில் தன் காலைப் பார்த்துக்கொண்டாள். பூனை ஏதாவது உள்ளே வந்ததா என்று யோசித்தோம். நான் எழுந்து ஜன்னல் கதவைச் சரிபார்த்தேன். நான் நடந்த இடத்தில் புதிதாக ஒரு பொட்டு விழுந்ததை அவள்தான் பார்த்தாள்.

"நில்லுங்க. காலைத் தூக்குங்க."

இடது பாதத்தில் சுண்டுவிரலுக்குக் கீழே, சதைக்குள் ஏறிக் கிடந்தது ஒரு கட்டுக்கம்பித் துண்டு. பௌர்ணமி பேனர்களை மரத்திலும் கம்பத்திலும் கட்டுகிற கம்பி அது. அவள் இழுத்தபோது அவள்தான் "அம்மா" என்று கத்தினாள். நான் கத்தவில்லை.

மஞ்சள் வைத்துக் கட்டினோம். வலி இல்லாததால் நடந்துகொண்டே இருந்தேன். அந்த வாரம் பால் வாங்கப் போனேன், நூலகம் போனேன், வங்கிக்குப் போனேன். கால் வீங்கிக் குளிர்ஜுரம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. சுத்தம் செய்தார்கள், ஊசி போட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் சுண்டுவிரல் போயிருக்கும் என்றார்கள். பிறகு அங்கேயே பாதத்துக்கென்று இருக்கும் டாக்டரிடம் அனுப்பினார்கள். என் மகள் வயதுப் பெண். படுக்கச் சொன்னார்.

"கண்ணை மூடிக்குங்க சார். இந்த நைலான் நரம்பால பாதத்தைத் தொடுவேன். தொடறது தெரியும்போதெல்லாம் 'ம்'னு சொல்லுங்க. அவ்ளோதான்."

கண்ணை மூடிக்கொண்டேன். மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. வெளியே டோக்கன் எண் கூப்பிட்டார்கள். அவர் இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக் காத்திருந்தேன். நேரமாவதுபோல் இருந்தது.

"நீங்க ஆரம்பிக்கலாம்மா," என்றேன்.

"முடிச்சுட்டேன் சார்," என்றார்.

நான் கண்ணைத் திறந்தேன். என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சர்க்கரையால் பாதத்து நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாக உணர்விழந்திருக்கின்றன. வலி தெரியாது, சூடு தெரியாது, ஆணி ஏறினாலும் தெரியாது. இனி வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. வெந்நீரில் காலை வைக்கவே கூடாது. "எத்தனை நாளா இப்படி இருக்கு சார்?" என்று கேட்டார். பௌர்ணமிதோறும் எழுதிவைக்கிறவன் நான். அந்த வரிகளில் கால் மட்டும் இல்லை. எனக்கு அது நோயாகத் தெரிந்திருந்தால் அல்லவா எழுதியிருப்பேன்!

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் மனைவி ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "நான் எத்தினி பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா?"

அதோடு இருவரும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். கேட்டவர்களிடம், "கம்பி குத்திடுச்சு, புரையோடிடுச்சு" என்று மட்டும் சொன்னோம். அது பொய் இல்லை. ஆனால் முழுதும் இல்லை. கம்பி யாருக்கு வேண்டுமானாலும் குத்தும். அது குத்தியதே தெரியாமல் மலையின் மிச்சத்தையும் நடந்து, வீட்டில் தூங்கி எழுந்திருந்தேன் என்று சொன்னால், இத்தனை நாள் அருள் என்று காட்டியது என்ன என்ற கேள்வி வரும். எதிர்வீட்டு அம்மாள் பழம் வாங்கிக்கொண்டு வந்து, "சாமி சோதிக்கிறாரு" என்றார். நான் தலையாட்டினேன்.

புரட்டாசிப் பௌர்ணமிக்கு நான் போகவில்லை. ஐப்பசிக்கும் போகவில்லை. அந்த இரண்டு மாதத்தில் என் பையின் உள்ளடக்கம் மாறியது. ஆஸ்பத்திரியை ஒட்டிய கடையில் மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்பு ஒரு ஜோடி வாங்கினோம். கறுப்பு, பின்வாரோடு. அழகென்று அதில் எதுவும் கிடையாது. அது எவ்வளவு நல்ல பொருள் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு நாளாயிற்று. வெள்ளைச் சாக்ஸ். வெள்ளையாக இருந்தால்தான் ரத்தம் பட்டால் தெரியும். தையல் தோலில் உரசாதிருக்க அதை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட வேண்டும். செருப்பை மாட்டும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இனி கைக்குத்தான் தெரியும். வீட்டுக்குள் போட வேறொரு ஜோடி. அப்புறம் ஒரு கண்ணாடி. குனிந்து உள்ளங்காலைப் பார்க்கிற வயது எனக்குப் போய்விட்டது. மனைவி தேரடி வீதி ஃபேன்ஸி கடையில் வாங்கிவந்தாள். பின்பக்கம் ரோஸ் கலர், அதில் பிளாஸ்டிக் ரோஜா.

"வேற கலர் இல்லையா?"

"இருந்துச்சு. பச்சைல மயில் போட்டது. அது வேணுமா?"

வாங்கி வாங்கி ஒதுக்கிய எத்தனையோ பொருள்களுக்குப் பிறகு, நான் தினமும் எடுத்துப் பார்க்கிற பொருள் அந்த ரோஸ் கண்ணாடிதான். அதை இன்னும் துண்டுக்குள் மறைத்துத்தான் வைக்கிறேன்.

இந்த நிலையில்தான் சகலையின் செய்தி வந்தது. கும்பிடும் கையை அனுப்பிவிட்டு நான் பேசாமல் இருந்தேன். ஒரு வாரம் கழித்துக் கொழுந்தியாள் என் மனைவிக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"கார்த்திகைக்கு ரெண்டு சுத்து சுத்தப் போறாராம்க்கா. மாமா மாதிரி ஆயிட்டாராம். ஊர் முழுக்க இதே பேச்சு. நெஞ்சை நிமித்திகினு போறாரு."

மனைவி என்னைப் பார்த்தாள். போனை வைத்த பிறகு கேட்டாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே போய்ச் சொல்றேன்."

"போன்ல சொன்னா ஆவாதா?"

ஆகாது என்று எனக்குத் தெரிந்தது. போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு போனேன். கால் பெரும்பாலும் ஆறியிருந்தது. வெளியே நடந்தால் இடையிடையே பாதத்தைப் பார்க்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. பெஞ்சில் உட்கார்ந்து செருப்பையும் சாக்ஸையும் கழற்றி, ரோஸ் கண்ணாடியை உள்ளங்காலுக்கு நேரே பிடித்தேன். பக்கத்தில் கீரைக்கட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்மணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாங்க, காலுக்குப் பவுடர் போடப் போறீங்களா?"

"சுகரும்மா. புண்ணு இருக்கானு பாக்கறேன்."

சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் அது எவ்வளவு சுலபமாக வந்தது! அவர் "ஓ, எங்க வீட்டுக்காரருக்கும் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் தண்ணீர் தெளித்தார். பஸ்ஸில் முழு வழியும் இதே சுலபத்தோடு சகலையிடமும் பேசலாம் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

சகலை வீட்டு முற்றத்தில் மல்லாட்டை காயப் போட்டிருந்தது. அவர் வெறுங்காலோடு அதன் நடுவில் நின்று காலாலேயே கிளறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"வாங்கண்ணே! சொல்லாம கொள்ளாம! கால் இன்னா ஆச்சு, தேவலையா?"

"தேவலை."

வாசற்படியில் நின்றேன். இனி செய்ய வேண்டியதை நான் வீட்டிலேயே யோசித்திருந்தேன், ஆனால் அந்த வாசலில் நின்று யோசித்திருக்கவில்லை. கறுப்புச் செருப்பைக் கழற்றினேன். பையிலிருந்து வீட்டுச் செருப்பை எடுத்துக் கீழே வைத்து, மாட்டிக்கொண்டு உள்ளே கால் வைத்தேன். நேர் எதிரே பூஜை மாடம். அப்போதுதான் மாக்கோலம் போட்டு முடித்திருந்த கொழுந்தியாள் கையில் கோல மாவோடு நிமிர்ந்தாள்.

"இன்னா மாமா இது, ஊட்டுக்குள்ள செருப்போட? நாங்க ஊடு கூட்றதில்லைனு நெனச்சீங்களா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் கண் என் காலைவிட்டு நகரவில்லை. சகலையும் பார்த்தார். அவர்களுக்குக் கல்யாணமான காலத்திலிருந்து அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன். செருப்பை வாசலில் விடுவது தவிர வேறு மரியாதை எதையும் அவர்கள் என்னிடம் எதிர்பார்த்ததில்லை. பஸ்ஸில் தயார் செய்துகொண்டு வந்த வாக்கியம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"வெறுங்காலோட நடக்கக் கூடாதுனு சொல்லிட்டாங்கம்மா. எனக்குக் கால்ல உணர்ச்சி இல்ல."

"மருந்து போட்டதாலயா?" என்றார் சகலை.

"இல்ல. ரொம்ப நாளா இல்ல. எனக்கு அருள்னு நெனச்சேனே, அது இதுதான். சுகரு. நரம்பு செத்துப்போச்சு."

உள்ளே போகாமல் வாசல் நடையிலேயே மூவரும் நின்றிருந்தோம். கம்பி குத்தியது, தரையில் ரத்தம் கிடந்தது, டாக்டர் தொட்டது, நான் ஆரம்பிக்கச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். கொழுந்தியாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். சகலை மட்டும் முகம் மாறாமல் கேட்டுவிட்டு, கடைசியில் நிதானமாகச் சொன்னார்.

"உங்களுக்கு நோவு. சரி. எனக்கும் நோவாத்தான் இருக்கணுமாண்ணே?"

அது கோபம் இல்லை. கையில் கிடைத்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போக வந்தவனிடம் கேட்கிற கேள்வி. எனக்கு அது புரிந்தது. நானும் அதைப் பிடித்து வைத்திருந்தவன்தானே.

"மலைக்கு அருள் இல்லைனு நான் சொல்லல சகலை. உங்க கால் உங்களுக்குத் தெரியுதானு பாக்கச் சொல்றேன். சித்திரையில சாக்ஸைக் கழட்ட வெச்சது நான். நான் பேசினது தப்பு."

"அட போங்கண்ணே. அதையெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிருக்காங்க?"

"நான் வெச்சிருக்கேன்," என்றாள் கொழுந்தியாள். "அந்த சாக்ஸு ஊட்டுக்கே திரும்பி வரலை."

அது இன்னும் என் அலமாரியில் இருந்தது.

வீட்டிலேயே செய்து பார்க்கிற ஒரு சோதனையை டாக்டர் எங்களுக்குக் காட்டியிருந்தார். கண்ணை மூடச் சொல்லி, கால்விரல் நுனிகளை விரலால் லேசாகத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. வலதா இடதா என்று கண்ணை மூடியவர் சொல்ல வேண்டும். சகலையைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, நான் தரையில் மெதுவாக மண்டியிட்டேன். என் கை நீண்டதும் அவர் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டார்.

"அய்யய்யோ! பெரியவங்க நீங்க, என் காலைத் தொடறதா? எனக்குப் பாவத்தைச் சேக்காதீங்கண்ணே!"

"டாக்டர் தொடறதில்லையா?"

"அவங்க டாக்டரு. நீங்க சகலை!"

"காலைக் கீழ போடுங்க," என்றாள் கொழுந்தியாள். "பாவம் வந்தா நான் பாத்துக்கறேன். கண்ணை மூடுங்க."

கீழே வைத்தார். மல்லாட்டைத் தூசு படிந்த பாதங்கள். குதிகால் வெடித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் முகம் கூச்சத்தில் நெளிந்தது. வலது பெருவிரலைத் தொட்டேன். "வலது," என்றார். எனக்கு மூச்சு வந்தது. இடது சுண்டுவிரலைத் தொட்டேன். பதில் இல்லை. கையை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு, "இடது," என்றார். அடுத்து நான் எதையும் தொடாமல் இருந்தேன். "வலது," என்றார். இன்னும் சில தடவை செய்தேன். சிலது பொருந்தியது, சிலது பொருந்தவில்லை.

"எல்லாம் கரெக்டா சொன்னேனா?" என்று கண்ணைத் திறந்து சிரித்தார்.

"நடுவுல கண்ணைத் தொறந்து பாத்தாரு மாமா."

"நான் எங்கடி பாத்தேன்?"

"இமை ஆடுச்சு, நான் பாத்தேன்!"

"ஈ உக்காந்துச்சுடி!"

இருவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் தரையிலிருந்து எழ முடியாமல் அவர் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்ததும் பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் என்னைத் தூக்கி நிறுத்தினார்.

"புதன்கிழமை போறேண்ணே," என்றார். "டாக்டர்கிட்ட. போதுமா?"

இடத்தைச் சொன்னேன். காலையில் சீக்கிரம் போனால் கூட்டம் கம்மி என்றும் சொன்னேன். சாப்பாடு போட்டார்கள். நான் செருப்போடு உட்கார்ந்து சாப்பிட்டேன். மோர் ஊற்றும்போது கொழுந்தியாள் மெதுவாக, "உள்ள போட்டுக்கற செருப்பு எங்க மாமா கிடைக்கும்?" என்று கேட்டாள். பொருள் வாங்குவதற்கு முன் என்னைக் கேட்கிறவர்களில் அவளும் சேர்ந்துகொண்டாள். இந்த முறை கடையைச் சொன்னேன், வாங்கும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கவும் சொன்னேன்.

திரும்பி வந்ததும், கேட்டவர்களிடமெல்லாம் முழுதையும் சொல்ல ஆரம்பித்தேன். எதிர்வீட்டு அம்மாளிடம் என் மனைவியே போய்ச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, சர்க்கரைக்கு நாவல்கொட்டைப் பொடி நல்லது என்றாராம். முன்பெல்லாம் என்னைக் கண்டால் கேட் அருகே நின்று கும்பிடுவார். இப்போது கையசைக்கிறார். இரண்டையுமே எதிர்கொள்ள முடியாமல் நான் கேட்டைப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன்.

புதன்கிழமை கொழுந்தியாளால் சகலையோடு போக முடியவில்லை. மல்லாட்டை உடைக்க ஆள் வந்திருந்தார்கள். சகலை காலை பஸ்ஸில் திருவண்ணாமலைக்குக் கிளம்பியதை அவள் பார்த்திருக்கிறாள். மாலையில் உரமூட்டையோடு வந்து, "பாத்துட்டாங்க, பெருசா ஒண்ணும் இல்லையாம், செருப்பு போட்டு நடக்கச் சொன்னாங்க" என்றாராம். ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே என்று கேட்டதற்கு, பஸ்ஸில் விட்டுவிட்டதாகப் பதில். அன்று வேங்கிக்கால் வழியாகப் போனவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவருக்கு நான் போன் செய்தேன். அதையே என்னிடமும் சொன்னார். எந்த டாக்டர் பார்த்தார் என்று கேட்டேன். "அந்த அம்மாதான்," என்றார். ஆஸ்பத்திரியில் விசாரித்தால் தெரிந்துவிடும். விசாரிக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு அவர் இரண்டு சுற்றுப் போகவில்லை, ஒன்றுதான் போனார். வழக்கத்துக்கு மாறாக எங்கள் தெருக்காரர்களோடு சேராமல் தனியாகப் போனார், அதனால் காலில் ஏதாவது போட்டிருந்தாரா என்று பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. நான் போகவில்லை.

என் குறிப்பில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: சகலை பாதத்தைப் பரிசோதித்துக்கொண்டது, அவர் சொன்னபடி. வேறு சான்று இல்லை. இன்றுவரை உறுதிப்படவில்லை.